நின்றபடி ஓடிய கார்

எண்ணெய் விற்றுச் செழித்த ஒரு பாலைவன நாட்டில் ஹாத்திம் என்றொரு மந்திரி இருந்தார். கற்றறிந்தவர் என்ற பொருளில் 'ஆலிமா' என்று அவர் அழைக்கும் குரு ஜுமானா, அவரைவிட வயதில் மிகவும் இளையவர். நரைத்த தாடியோடு ஒரு சின்னப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று அரண்மனையில் கேலி பேசுவார்கள். ஹாத்திம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில் ஜுமானாவின் வீட்டுக்கு முகம் வாடி வந்து உட்கார்ந்தார்.

அந்த நாட்டில் வருமானம் ஏற ஏறப் புகையும் கூடவே ஏறியது. குழந்தைகள் இருமின. புகையைக் குறைக்க எதை மூடலாம் என்று மறுநாள் சபையில் சொல்லும்படி ராஜா அவருக்கு உத்தரவிட்டிருந்தார். மற்ற மந்திரிகளோ கூடிப் பேசி, பேரீச்சம்பழ ஆலையைக் கைகாட்டிவிட்டார்கள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் ஏழைப் பெண்கள். அவர்களுக்காகக் கேட்க ஆளில்லை. ஹாத்திமின் விதவைத் தங்கை ஸல்வா பிள்ளைகளை வளர்ப்பது அந்தக் கூலியில்தான்.

"மூடினால் ஸல்வாவின் அடுப்பு எரியாது. மூடாவிட்டால் ஊர் இருமும். நான் எதைச் சொல்லட்டும், ஆலிமா?"

"நீங்கள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. முதலில் அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள்."

ஹாத்திம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எந்தச் சத்தமும் இல்லையே என்றார்.

ஜுமானா அவரை வாசலுக்கு அழைத்துப்போனார். அங்கே ஹாத்திமின் கார் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே யார்?"

"யாருமில்லை."

"எங்கே போகிறது?"

"எங்கேயும் போகவில்லை. நான் திரும்பி வரும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டுமே, அதற்காக ஏசி ஓடுகிறது. எல்லார் காரும் இப்படித்தான் நிற்கும். நம் ஊரில் எண்ணெய் தண்ணீரைவிட மலிவு."

சொல்லிக்கொண்டே தெருவைப் பார்த்தார். தெருக்கோடியில் பள்ளிவாசல் முன்னால் கார்கள் வரிசையாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தன. வந்தவர்கள் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்கள். துணிக்கடைகளின் கதவுகள் அகலத் திறந்து கிடந்தன. எண்ணெயை எரித்து உண்டாக்கிய குளிரெல்லாம் வெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜுமானா காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

ஹாத்திமுக்குக் காதடைப்பு விட்டதுபோல் இருந்தது. பக்கத்துத் தெரு ஆலையில் பெண்கள் பேசிச் சிரிப்பது இப்போது கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனதும் மளமளவென்று பேசினார். எண்ணெய் விலையை ஏற்றச் சொல்லப் போகிறாராம். கூடுதல் காசு கொடுத்து வாங்கினால் எவன் காரைச் சும்மா ஓடவிடுவான் என்று கேட்டார். ஆலை அதுபாட்டுக்கு நடக்கட்டும் என்றார். பிறகு சற்றுத் தயங்கினார்.

"இது போதுமா, ஆலிமா?"

"போதாது. இதை முடித்துவிட்டு மறுபடி வாருங்கள்."

அவர் கிளம்பியபோது கார் வெயிலில் காய்ந்து கிடந்தது. இருக்கையில் உட்கார்ந்தவர் துள்ளி எழுந்தார்.

"சுடுகிறதே! நாளைக்கு ராஜாவின் கார் இருக்கையும் இப்படித்தானே சுடும்?"

"கொஞ்ச தூரம் போனால் ஆறிவிடும்" என்றார் ஜுமானா. "ஸல்வாவின் அடுப்பு ஆறினால்தான் கஷ்டம்."