குடித்த பால் எங்கே போனது?

அந்தப் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை கற்றுத்தரும் குரு, நர்ஸ் நஸ்ரினுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யை எமல்டாவுக்கு நாற்பத்தேழு. பிரசவ வார்டில் பழம் தின்று கொட்டை போட்ட நர்ஸ். இங்கே மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான்.

பேச்சியம்மாளின் மகன் பிறந்து இருபது நாள். இதயத்தில் ஓட்டை. இரண்டரை கிலோ வந்தால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் அறுபது கிராம் வேண்டும்.

எமல்டா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். தாய் பீய்ச்சிக் கொடுத்த பாலைப் பாட்டிலில் ஊற்றி, பிள்ளை கண் சொருகும்போதெல்லாம் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி, கடைசிச் சொட்டுவரை குடிக்க வைத்தார். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நிறுத்துப் பார்த்தால், இருபது கிராம் குறைந்திருந்தது.

"எம் பாலுல சத்து இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

எமல்டா எடைத் தாளை எடுத்துக்கொண்டார். நேரே நஸ்ரினிடம் போனார்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல சிஸ்டர். குடிச்ச பாலெல்லாம் எங்க போச்சு?"

"அக்கா, கீழ போயிட்டு படியேறி வேகமா வாங்க. லிஃப்ட் வேணாம்."

நாலு மாடி. இந்த வயசில் இது என்ன கூத்து என்று முனகிக்கொண்டே எமல்டா ஏறி வந்தார். நஸ்ரின் வாசலிலேயே பெரிய டம்ளரில் மோரோடு நின்றாள்.

"நிறுத்தாம குடிங்க."

இரண்டே மடக்கு. புரையேறியது. எமல்டா டம்ளரைத் தள்ளினார். நஸ்ரின் மறுபடி உதட்டருகே நீட்டினாள்.

"தாகமா இல்லையாக்கா?"

"தொண்ட காயுது! மூச்சு விடவா, குடிக்கவா? கொஞ்சம் பொறும்மா!"

நெற்றி வியர்வையை வழித்த எமல்டாவின் கை அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அப்பால் பிள்ளையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இவன் எத்தன மாடி ஏறி வந்து குடிக்கிறான் சிஸ்டர்?"

"ஏறி வரலக்கா. ஏறிக்கிட்டேதான் குடிக்கிறான். குடிச்சதெல்லாம் அந்த ஏத்தத்துக்கே செலவாயிடுது."

அடுத்த வேளை, இருபது நிமிஷத்தில் பிள்ளைக்குக் கண் சொருகியது. எமல்டா எழுப்பவில்லை. பாட்டிலை எடுத்துவிட்டு, டாக்டர் சொன்னபடி புதிதாகப் போட்டிருந்த மூக்குக் குழாயில் மிச்சப் பாலை மெல்ல இறக்கினார்.

பேச்சியம்மாள் பதறினாள். "இனி அவனாக் குடிக்க மாட்டானா சிஸ்டர்?"

"குடிப்பான் தாயி. உம் பாலுல ஒரு குறையும் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் கொஞ்ச தூரம் நாம தூக்கிட்டுப் போவோம்."