மகுடத்தின் மேல் துருவன்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் ஆண்ட நாளில், எவரையும் நம்பாத ராஜா ஒருவர் இருந்தார். மகுடவர்மர் என்று பெயர். பட்டத்து ராணி இருமினால்கூட, "யாருக்கு ஜாடை?" என்று கேட்பார்.

அவருடைய காதருகே எப்போதும் நின்றவர் அரண்மனைச் சோதிடர் ஆலால பட்டர். பட்டருக்கு விகடகவி சடையப்பனைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் மெல்லச் சொன்னார்:

"மகாராஜா, வானத்தில் நகராமல் நிற்பது துருவ நட்சத்திரம் ஒன்றுதான். அது நம் பகைவனுடைய வடநாட்டின் மேல் நிற்கிறது. சடையப்பன் தினமும் அந்தி சாய்ந்ததும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாருக்குக் கும்பிடு போடுகிறானோ!"

ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சடையப்பனை வரவழைத்தார்.

"நீ வடக்கத்தியான் ஆளா?"

"இல்லை, மகாராஜா. அழகாக இருக்கிறது, பார்க்கிறேன்."

"அப்படியானால் நாளைக்குள் அந்தத் துருவன் என் மகுடத்துக்கு மேல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உன்னைக் கழுவில் ஏற்றுவேன்."

சடையப்பன் வீட்டுக்குப் போனான். இருட்டியதும் வாசலில் நின்று வடக்கே பார்த்தான். நம் சீமையில் துருவன் உயர ஏறுவதில்லை. தென்னைமரத் தலைக்குச் சற்று மேலேதான் நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது.

மறுநாள் அரண்மனை முற்றத்தின் வடகோடியில் உயரமான மேடை போட்டு, சிம்மாசனத்தைத் தெற்குப் பார்த்து வைக்கச் சொன்னான். இருட்டியதும் ராஜா அமர்ந்தார். சபையார் எதிரே தூரத்தில் நின்றார்கள். பட்டர் மட்டும் வழக்கம்போல மேடையின் பக்கத்தில் ஒட்டி நின்றார்.

"எங்கே நட்சத்திரம்?" என்றார் ராஜா.

"தங்கள் மகுடத்துக்கு மேல், மகாராஜா. தங்களுக்குத் தெரியாது. எதிரே நிற்பவர்களைக் கேளுங்கள்."

ராஜா ஒவ்வொருவராக அழைத்துக் காதில் சொல்லச் சொன்னார். எல்லாரும் மகுடத்தின் மேல் என்றார்கள். அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்!"

மகுடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தின் முதுகுச் சட்டத்தில் மாட்டினார். யாரும் கிட்டே வரக்கூடாது என்று வாளை உருவிக்கொண்டே இறங்கிப் போய், சபையார் நடுவில் நின்று திரும்பினார்.

மகுடத்தின் உச்சிக்கு நேர் மேலே துருவன் அசையாமல் நின்றது.

"பொய், மகாராஜா!" என்று பட்டர் கத்தினார். "இங்கிருந்து பார்த்தால் யானைக் கொட்டிலுக்கு மேல் நிற்கிறது!"

சடையப்பன் கைகட்டிச் சொன்னான்: "தங்களை நேருக்கு நேர் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது மகுடத்தின் மேல் தெரிகிறது. பட்டர் ஸ்வாமிகள் இத்தனை வருஷமாக எந்தப் பக்கம் நின்றே பழகியவர் என்பது சபைக்குத் தெரியும்."

முதலில் யாரோ செருமினார்கள். பிறகு ராஜா சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்றோ, காவற்காரர்கள் பயந்து ஈட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

"பட்டரே, இனி என்ன சொல்வதானாலும் எதிரே வந்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லும்!"

தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையப்பனுக்குப் போட்டார். போடும்போது அவன் கண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீர்கள், மகாராஜா?"

"உள்ளே வடக்கத்தியான் யாராவது இருக்கிறானா என்று."

"இருந்தால் மாலையில் பாதி கேட்டிருப்பானே!"

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை வாளை உறையில் போட்டுவிட்டே சிரித்தார்.