குறுக்குப்பாளையத்துக்கு வந்த ஆறு திசைகள்

2013 ஜூலை 18, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, குறுக்குப்பாளையம் பால் சொசைட்டி வாசலில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழு பேரும் சொசைட்டி நிர்வாகிகள். நடுவில் நின்றவர் தலைவர் வெள்ளியங்கிரி. அவர்களுக்கு எதிரே, லாரியிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால் குளிர்விக்கும் தொட்டி, தன் எவர்சில்வர் உடம்பில் வெயிலை வாங்கி ஏழு பேர் கண்ணிலும் அடித்துக்கொண்டிருந்தது.

நல்ல தொட்டி. சாயங்காலம் கறந்த பால் மறுநாள் காலைவரை கெடாது. ஒரே குறை, சொசைட்டிக் கதவைவிட ஒரு சாண் அகலம் கூடுதல். நெட்டுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். குறுக்கே தள்ளிப் பார்த்தார்கள். தூக்கிச் சாய்த்தும் பார்த்தார்கள். மூன்று விதத்திலும் தொட்டி கதவு நிலையில் முட்டி நின்றது.

"நிலையைப் பேத்துட்டு, செவுத்துல ஒரு சாண் இடிச்சீங்கன்னா வழுக்கீட்டுப் போயிரும்ங்ணா" என்றார் லாரி டிரைவர்.

கறவை மாட்டைக் கசாப்புக்குக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள். கதவுக்கு இடப்பக்கச் சுவரில்தான் சொசைட்டியின் திறப்புவிழாக் கல் பதித்திருந்தது. அதில் ஏழு பேர் பெயர்களும் இருந்தன. முதல் பெயர் வெள்ளியங்கிரியுடையது, மற்றவற்றைவிட ஒரு விரற்கடை பெரிது.

திங்கட்கிழமை, தொட்டியைக் கொடுத்த பால் ஒன்றியத்து அதிகாரி பார்வையிட வருவார். தொட்டி உள்ளே இல்லையென்றால் பக்கத்து ஊரான சாமிமேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாமிமேட்டுச் சொசைட்டித் தலைவர் ராக்கியண்ணன், வெள்ளியங்கிரியின் மனைவி மயிலாத்தாளுடைய அண்ணன். வெள்ளியங்கிரி கல்யாணத்தன்று பக்கத்து மண்டபத்துக்குள் போய் வேறொரு பெண்ணின் மணவறையில் உட்கார்ந்துவிட்டார். அதை ராக்கியண்ணன் இருபத்திரண்டு வருஷமாக, ஒரு நோம்பி பண்டிகை விடாமல், ஒறம்பரை சொந்தபந்தம் கூடியிருக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தொட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தால் மீதி ஆயுசுக்கு அந்தச் சிரிப்புதான்.

"கதவை ஒரு சாண் அகலமாக்குனா முடிஞ்சுது சோலி" என்றாள் மயிலாத்தாள், சோறு போட்டுக்கொண்டே.

"கல்லுல என்ற பேரு இருக்குதே, மயிலு."

"கல்லுல இருக்கட்டும். பாலு கெட்டா உங்க பேரைக் குளுகுளுன்னு வெச்சுக் குடிச்சுக்கறதுங்களா, மாமா?"

வெள்ளியங்கிரி கை கழுவி எழுந்தார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட்டம். சொசைட்டித் தலைவருக்கு முன்வரிசையில் கைவைத்த நாற்காலி உண்டு. அதற்காகவே போனார்.

பேச வந்தவர் டவுன் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியை அமுதவல்லி. உலகத்தில் உள்ள எல்லாமே மிகமிக நுண்ணிய இழைகளால் ஆனவையாக இருக்கலாம், வீணைத் தந்தி அதிர்கிற மாதிரி அந்த இழைகள் வெவ்வேறு விதமாக அதிர்வதால்தான் வெவ்வேறு துகள்கள் உண்டாகின்றன என்று சில விஞ்ஞானிகள் கருதுவதாகச் சொன்னார்.

"ஆனால் அந்தக் கணக்கு மூன்று திசைகளுக்குள் ஒத்துவராது. இட வலம் ஒன்று, முன் பின் ஒன்று, மேல் கீழ் ஒன்று. இவற்றோடு இன்னும் ஆறு வேண்டும். மொத்தம் ஒன்பது."

தூங்கிக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி கண் விழித்தார்.

"அந்த ஆறும் ஏன் நம் கண்ணில் படவில்லை? அணுவைவிடச் சின்னதாகச் சுருண்டு கிடக்கலாம். அதோ அந்தக் கரண்ட் கம்பியைப் பாருங்கள். இங்கிருந்து பார்த்தால் வெறும் கோடு. நீளம் மட்டும்தான் தெரிகிறது. கம்பிமேல் ஊர்கிற எறும்பைக் கேட்டால், நீளமாகவும் போகலாம், கம்பியைச் சுற்றியும் போகலாம் என்று சொல்லும். நாம் தூரத்தில் நிற்பதால் நமக்கு அந்தத் தடிமன் இல்லை. இதையெல்லாம் இதுவரை யாரும் சோதனையில் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு அப்படிச் சொல்கிறது, அவ்வளவுதான்."

வெள்ளியங்கிரி எழுந்தார். "ஏனுங்க அம்மிணி, அந்த ஆறு தெசையும் எங்கூர்லயும் இருக்குதுங்களா?"

"இருந்தால் எல்லா இடத்திலும் இருக்கும் ஐயா. ஒவ்வொரு புள்ளியிலும்."

"சொசைட்டி வாசல்லயுங்களா?"

"அங்கேயும்தான்" என்றார் அமுதவல்லி. குறுக்குப்பாளையத்துக்கு அதற்குமுன் அவர் வந்ததில்லை.

மறுநாள் காலை நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. தொட்டி மூன்று திசையிலும் போகவில்லை, மீதி ஆறு திசை சும்மா கிடக்கிறது என்று தலைவர் எடுத்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். குழுவில் கணக்குக்குப் பேர்போன நாச்சிமுத்து மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"தலைவருங்க, எட்டுத் திக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஆகப் பத்து. அந்த அம்மிணி ஒம்போதுன்னு சொல்லியிருக்குது. ஒண்ணு எங்கீங்க போச்சு?"

மற்றவர்களும் தங்கள் விரல்களை எண்ணிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய விஷயம் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

"நேத்து வரைக்கும் பத்து இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகமிருக்குது" என்றார் ஒருவர்.

"சாமிமேட்டுக்காரன் வேலையா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

சாமிமேடு தெற்கே இருக்கிறது. ஆகவே காணாமல் போனது தெற்குதான் என்று முடிவாயிற்று. அது திரும்பக் கிடைக்கும்வரை யாரும் தெற்கே போகக் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். பால் வண்டி ஊருக்குத் தெற்கே ரோட்டில்தான் வந்து நிற்கும். தீர்மானத்தை மதித்து அன்று யாரும் வண்டிக்குப் பால் கொண்டுபோகவில்லை. முந்நூறு லிட்டர் திரிந்தது. தொட்டி எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"ஆனா அந்த ஆறு தெசையை யாரும் கண்டதில்லைன்னும் அம்மிணி சொல்லுச்சுங்களே" என்று நாச்சிமுத்து இழுத்தார்.

"கணக்கு சொல்லுதுன்னும் சொல்லுச்சல்லோ? நம்ம சொசைட்டிக் கணக்கை மட்டும் எவன் கண்டான்? வருசா வருசம் சரியாத்தானய்யா இருக்குது."

நாச்சிமுத்து விரல்களை மடக்கிக்கொண்டார்.

வழி தெரிந்தது எறும்புக்கு மட்டும். ஆகவே பொறுப்பை எறும்பிடமே விடுவதென்று துணைத்தலைவர் பொங்கியண்ணன் யோசனை சொன்னார். ஊரிலேயே அதிகம் யோசிக்கிறவர் அவர்தான். அதனால் அவருடைய தோட்டத்தில் எதுவும் விளைவதில்லை. சனிக்கிழமை காலை இரண்டு மூட்டை கருப்பட்டியைக் காய்ச்சித் தொட்டி முழுக்கப் பூசினார்கள். எறும்புகள் இனிப்பு கிடைத்தால் புற்றுக்கு இழுத்துப் போகும். சொசைட்டிக்குள்ளேதான் புற்று இருக்கிறது. தொட்டியை எந்தத் திசையில் இழுப்பது என்பது அவற்றின் பாடு.

எறும்புகள் வந்தன. ஊர் எறும்பு வந்தது, காட்டு எறும்பு வந்தது, கட்டெறும்பும் வந்தது. மத்தியானத்துக்குள் தொட்டி கறுப்பாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் மறுபடி பளபளவென்று ஆனது. கருப்பட்டி போயிருந்தது, தொட்டி இருந்த இடத்தில் இருந்தது.

"கருப்பட்டி மட்டும் உள்ள போயிருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து, புற்றைப் பார்த்துவிட்டு.

"எப்படிப் போச்சு?"

"கதவுக்கடியிலதானுங்க."

"நாம பாத்துட்டு நின்னமல்லோ, அதான் ரகசிய வழியைக் காட்டலை" என்றார் பொங்கியண்ணன்.

வெள்ளியங்கிரி வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்தார். இன்னும் ஒரு நாள்தான். கண்ணை மூடினால் ராக்கியண்ணன் சிரித்தார். கண்ணைத் திறந்தால் மயிலாத்தாள் சிரித்தாள்.

"எங்கண்ணன் போன் பண்ணுச்சு. தொட்டி வெக்கறதுக்கு எடம் கூட்டி வெச்சாச்சாம். மாப்ளை மறுபடி வேற மணவறையில உக்காந்துட்டாரான்னு கேக்குது" என்றாள்.

அந்த நேரத்தில்தான் பொங்கியண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஊருக்கு வடக்கே அரை மைலில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, உண்டு. ஆடு தேடி அதன்மேல் ஏறியவர் ஊரைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

"தலைவரே! தொட்டி எள்ளு மாதிரி இருக்குது!"

"எதுய்யா எள்ளு?"

"கரட்டு மேலிருந்து பாத்தா தொட்டி எள்ளுப்பெருசுதான். கிட்ட வரவரப் பெருக்குது. அம்மிணி என்ன சொல்லுச்சு? கிட்ட இருந்தாத்தான் தடிமன். தூரமாப் போனா இல்ல. ரெண்டு நாளா நாமதான் பக்கத்துலயே நின்னு அதைத் தடிக்க வெச்சிருக்கறோம்!"

வெள்ளியங்கிரி அவரைக் கட்டிக்கொண்டார். எல்லாரும் தூரப்போய்விட்டால் தொட்டி எள்ளாகிவிடும். எள் போகாத கதவு உண்டா?

"எல்லாருமே அக்கட்ட போயிட்டா எவனுங்க தள்ளுவான்?" என்றார் நாச்சிமுத்து.

"தள்ளப்படாது. இழுக்கோணும். கயித்தைக் கட்டிக் கரட்டு மேலிருந்து."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊரிலிருந்த கிணற்றுக் கயிறு, வண்டிக் கயிறு, மாட்டுக் கயிறு எல்லாவற்றையும் முடிந்து ஒன்றாக்கினார்கள். ஒரு முனையைத் தொட்டியில் கட்டி, முன்கதவு வழியாக நுழைத்து, அதைவிடக் குறுகலான பின்கதவு வழியாக வெளியே எடுத்துக் கரடுவரை கொண்டுபோனார்கள். தொட்டிக்கு அடியில் உருளைக் கட்டைகள் போட்டார்கள். பிறகு ஊரையே காலி செய்தார்கள். ஒரே ஒரு ஆள் பக்கத்தில் நின்றாலும் தொட்டி தடித்துவிடும். குழந்தை குட்டியோடு அத்தனை பேரும் கரடு ஏறினார்கள். மயிலாத்தாளும் ஏறினாள். இதைப் பார்க்காமல் விட்டால் பிறகு வருத்தப்படுவோம் என்று அவளுக்குத் தோன்றியது.

பாதி வழியில் நாச்சிமுத்து நின்றார். "சொசைட்டிக்குப் பக்கத்துல என்ற எருமை கட்டியிருக்குதுங்களே. எருமை பாத்தாத் தடிக்குமுங்களா?"

ஏழு பேரும் பாறைமேல் உட்கார்ந்து இதை விவாதித்தார்கள். எருமை எதையும் கவனித்துப் பார்ப்பதில்லை என்று மூவர். கவனிக்காமல் பார்த்தாலும் பார்வை பார்வைதான் என்று மூவர். கடைசியில் தலைவர் தன் வாக்கைச் செலுத்தி, எருமையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டு வரச் சொன்னார்.

கரட்டு உச்சியில் இருநூறு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். கீழே தொட்டி எள்ளாக மின்னியது. தேர் இழுப்பதுபோல் ஒரே மூச்சாக இழுத்தார்கள். எள் நகர்ந்தது. கட்டடத்துக்கிட்டே போய் நின்றது.

"இழு!" என்று கத்தினார் வெள்ளியங்கிரி. அவர் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

இருநூறு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். கீழே எங்கோ தடதடவென்று சத்தம் கேட்டது.

"இடி இடிக்குது. மழை வருமாட்ட இருக்குதுங்க" என்றார் நாச்சிமுத்து.

எழுந்து பார்த்தால் எள்ளைக் காணோம். தொட்டி உள்ளே போய்விட்டது. ஊரே ஆர்ப்பரித்தது. வெள்ளியங்கிரி பொங்கியண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

தொட்டி உள்ளே பத்திரமாக இருந்தது. முன்சுவர்தான் இல்லை. அது செங்கலும் மண்ணுமாகத் தரையில் பரந்திருந்தது. திறப்புவிழாக் கல் மூன்று துண்டாகக் கிடந்தது. கதவு மட்டும் ஒரு கீறல் இல்லாமல், சுவரில்லாத நிலத்தில் விரியத் திறந்தபடி படுத்திருந்தது.

"செவுத்தை எவன் இடிச்சான்?" என்றார் வெள்ளியங்கிரி.

"ஊர்ல ஒரு ஆள் இல்லீங்களே. எல்லாரும் கரட்டுலதான் இருந்தோம்."

"எருமை?"

"அது அந்தப் பக்கமாப் பாத்துட்டு இருந்துச்சுங்க."

பொங்கியண்ணன் தாடையைத் தடவினார். "தொட்டி எளைச்சுதல்லோ? அதுகிட்ட இருந்த தடிமன் எங்கயாச்சும் போயித்தான ஆகோணும்? பக்கத்துல இருந்தது செவுரு. அதுமேல ஏறிருச்சு. பழைய செவுரு, தாங்கலை."

மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை வந்த ஒன்றியத்து அதிகாரி கட்டடத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"தொட்டி உள்ளே இருக்கணும்னு சொன்னேன்."

"உள்ளதானுங்க சார் இருக்குது."

"தொட்டி இருக்குது. உள்ளைக் காணோமே!"

திறப்புவிழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் டிசம்பரில் வருவதாக முடிவாகியிருந்தது. அதற்குள் சுவர் எழும்பாவிட்டால் தொட்டி சாமிமேட்டுக்கு என்று சொல்லிவிட்டு அதிகாரி புறப்பட்டார்.

இந்த முறை வெள்ளியங்கிரி எதையும் தற்செயலுக்கு விடவில்லை. முதலில் புதுக் கல்லை நட்டார். கல்லைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். பழைய கதவு நன்றாக இருந்ததால் அதையே மாட்டினார்கள். இரட்டைச் செங்கல், தரமான சிமெண்ட். இனி எவ்வளவு தடிமன் ஏறினாலும் அசையாது என்று கொத்தனார் சத்தியம் செய்தார். நின்று வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கிறதென்று தொட்டியை மட்டும் அவர் முதல் நாளே வெளியே நகர்த்தியிருந்தார். சுவர் காய்ந்த பிறகும் அது வெளியேதான் இருந்தது.

விழா நாள் காலை ஒன்பதரை மணிக்கு அதிகாரி வந்தார். பந்தல், வாழைமரம், மேளம் எல்லாம் தயார். வாசலில் தொட்டி.

"யோவ், என்னய்யா இது? வெளியில கெடக்குது?"

"சார், நீங்க ரொம்பக் கிட்டக்க நிக்கறீங்க" என்றார் வெள்ளியங்கிரி, மரியாதையாக.

அதிகாரி வாயைத் திறந்தார். பந்தலில் முதல் வரிசையில் ராக்கியண்ணன் கால்மேல் கால் போட்டு, வயிறு குலுங்க ஆரம்பித்திருந்தார். பெரிய மனிதரின் கார் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. அதிகாரி சுவரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்?"

2013 டிசம்பர் 11, புதன்கிழமை, முற்பகல் பதினொன்றே காலுக்குக் குறுக்குப்பாளையம் பால் குளிர்விப்பு நிலையம் கரட்டு உச்சியிலிருந்து திறந்து வைக்கப்பட்டது. பெரிய மனிதர் நாடாவை வெட்டினார். தொட்டி உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி ராக்கியண்ணன் உட்பட நானூறு பேர் கைதட்டினார்கள்.