சாணி வண்டு வானம் பார்ப்பது ஏன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

அந்தக் காலத்தில், புழு பூச்சியெல்லாம் வாய்விட்டுப் பேசிய நாளில், சாணி வண்டுகள் வானத்தைப் பார்த்ததே கிடையாது. எப்படிப் பார்க்கும்? தலையை மண்ணில் ஊன்றி, பின்னங்காலால் சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே போகிற இனம் அது. பெரிய உருண்டை உருட்டியவனே மேய்ச்சல்காட்டுக்குப் பெரியவன் என்று ஒரு வழக்கம் வேறு.

கொம்பன் என்று ஒரு வண்டு. அவன் பெண்டாட்டி மையாளுக்கு முட்டையிடும் நாள். ஈர உருண்டைக்குள் முட்டையிட்டு மண்ணில் புதைத்தால்தான் பிள்ளை பிழைக்கும். கொம்பன் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று உருட்டினான். பக்கத்து வளை மொக்கையனுக்குப் பொறுக்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்து முட்டித் தள்ளினான்.

"விடுடா, இது என்னுது!"

"உன் பேரா எழுதியிருக்கு? மாடு போட்டது!"

காலையிலிருந்து இருட்டும்வரை இவன் அங்கே தள்ள, அவன் இங்கே தள்ள, உருண்டை நின்ற இடத்திலேயே நின்றது. தான் ஜெயிப்பதாக இருவருக்கும் நினைப்பு.

"காய்ஞ்சு போகுதுய்யா. என் வயித்துல இருக்கிறது இந்த ராத்திரி தாண்டாது" என்று மையாள் கெஞ்சினாள். யார் கேட்டது? ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க உருண்டைமேல் ஏறினாள். ஏறியவள் தலை நிமிர்ந்தாள். பேச்சு நின்றுபோனது.

"என்னடி, செத்துட்டியா?"

"மேலே வாய்யா. அண்ணே, நீங்களும் வாங்க."

"நான் விட்டா இவன் தள்ளிட்டுப் போயிடுவான்!" என்றான் கொம்பன்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே விடுங்க."

ஏறினார்கள். வானம் முழுக்க மினுக்கும் உருண்டைகள். நடுவே வெள்ளையாக ஒரு தடம், யாரோ உருட்டிக்கொண்டு போன பாதைபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

மொக்கையன் மெல்லக் கேட்டான். "இதெல்லாம் யாரு உருட்டினது?"

"யாரோ. ஆனா பக்கத்துல நின்னு யாரும் என்னுது என்னுதுன்னு கத்தக் காணோம்" என்றாள் மையாள்.

"நம்ம உருண்டை எங்கே?" என்றான் கொம்பன்.

"உன் காலுக்குக் கீழே."

அவன் காலைத் தூக்கிப் பார்த்தான்.

மொக்கையன் முதலில் இறங்கி, ஈரமண் தேடிக் குழி தோண்டப் போனான். கொம்பனும் பின்னாலேயே போனான். மையாள் மட்டும் மேலே நின்று, அந்த வெள்ளைத் தடத்தைக் குறி வைத்து, ஒருமுறை முழுதாகச் சுற்றித் தொழுதாள். பிறகு இறங்கி, கோணாமல் நேரே குழிக்கு உருட்டினாள்.

அன்று முதல்தான் சாணி வண்டு உருண்டைமேல் ஏறி, வானத்தைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்புறம் உருட்டுகிறது.