இடம் மாறிய வலக்கை

ஒரு படக்கதைப் புத்தகத்துக்குள் பவளராணி என்றொரு பெண் இருந்தாள். யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பறிகொடுத்து, கடல் தாண்டி, முன்பின் தெரியாத நகரத்துக்கு வந்து சேர்ந்தவள். கடைசிப் படத்தில் பக்கத்து வீட்டு ஹுதாவுக்கு ஒரு தட்டுப் பயத்தம் பணியாரம் நீட்டுவாள். அவள் வாங்கிக்கொண்டால்தான் இவளுக்கு அந்த ஊரில் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள்.

நீட்டுவது வலக்கை. அதற்குப் பெருமை தாங்காது. "சோறு பிசையிறது ஆர்? திருநீறு பூசுறது ஆர்? நான்தானே! நீ என்னத்தைக் கிழிச்சனி?" என்று இடக்கையைச் சீண்டிக்கொண்டே இருக்கும். இடக்கை இடுப்பில் ஊன்றிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் புத்தகம் வேறொரு நாட்டுக்குப் போனது. அங்கே வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். அதனால் அச்சகத்துக்காரர்கள் எல்லாப் படங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், வலக்கை இடக்கையாகிவிட்டது!

"ஐயையோ! நேற்று வரைக்கும் நான் வலக்கையடி!" என்று அது புலம்பியது.

"இங்கை நான்தான் வலக்கை. எப்பிடி இருக்கு?" என்றது மற்றது. அதற்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பகிடி விடாதை. இடக்கையாலை பலகாரம் குடுத்தால் ஹுதா என்ன நினைப்பாள்? கதவைச் சாத்திப்போடுவாள். நான் நீட்டமாட்டன். நீ பிடி."

பாவம், புது வலக்கைக்குத் தட்டுப் பிடித்துப் பழக்கமே இல்லை. வாங்கிய உடனே வெடவெடத்தது. பணியாரங்கள் ஓரத்துக்கு உருண்டன.

"விழப்போறன், விழப்போறன்!" என்று தட்டு அலறியது.

"என்ரை மானம் போனாப் போகட்டும்!" என்று பழைய வலக்கை பாய்ந்து மறுபக்கத்தைப் பிடித்தது. "பயப்பிடாதை. நானும் பிடிக்கிறன்."

தட்டு நேரானது. ஆனால் எதிரே நின்ற ஹுதா வாங்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள்.

"போச்சு! அவளுக்கு எங்களைப் பிடிக்கேல்லை," என்றது தட்டு.

அப்படியில்லை. ஹுதாவின் வலக்கையும்தானே இடக்கையாகிப்போனது! அவள் ஊரிலும் இடக்கையால் வாங்குவது மரியாதையில்லை. அவளும் கூசிப்போய்த்தான் நின்றாள். பவளராணியின் இரண்டு கைகளையும் அப்போதுதான் கவனித்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, தன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அந்தப் புத்தகம் பிறகும் எத்தனையோ நாடுகளுக்குப் போனது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும், கடைசிப் படத்தில் எது வலக்கை என்று கேட்பார் இல்லை.