ஆறு கால் மாடு

அந்தக் காலத்தில் வேலி என்ற சொல்லே யாருக்கும் தெரியாது. நொய்யல் ஆற்றுக்கும் அமராவதி ஆற்றுக்கும் நடுவே ஒரே புல்வெளி. கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். எல்லா உயிர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. மான் மாட்டோடு பேசும், மாடு மனிதனோடு பேசும், காடை யாரோடு வேண்டுமானாலும் பேசும்.

அதிகம் பேசாதவள் நாச்சக்காள் ஒருத்திதான். நீளக் கால்களும் கழுத்திலிருந்து வயிறு வரை வெள்ளை வெளேரென்ற இறகும் கொண்ட ஒரு குருவி அவள். மரத்தில் கூடு கட்டத் தெரியாது. வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக முட்டையிடுவாள். குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும்படி அவ்வளவு மெல்லிய குரல் அவளுக்கு. அதனாலேயே எல்லோரும் தங்கள் குறைகளை அவளிடம் வந்து கொட்டுவார்கள். அவள் கேட்டுக்கொள்வாள், பார்த்துக்கொள்வாள். தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பவளுக்கு மற்றவர்களுடைய முகத்தைவிடக் கால்கள்தான் நன்றாகத் தெரியும். யார் நொண்டுகிறார்கள், யார் சினையாக இருக்கிறார்கள் என்பதையெல்லாம் நடையை வைத்தே சொல்லிவிடுவாள். யாராவது கேட்டால்தான் சொல்வாள் என்பது வேறு.

அந்த வெளியில் ஒரு வெளிமான் கூட்டம் மேய்ந்தது. கொம்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் முறுக்கன் என்ற கலைமான். ஆனால் எங்கே மேய்வது, எப்போது ஓடுவது என்று முடிவு செய்தவள் பாவாத்தாள் என்ற பெண்மான். அந்த வருஷம் அவளுக்கு ஒரு குட்டி. தினமும் மேயப் போகும்போது நாச்சக்காள் பக்கம் ஒரு நிமிஷம் நிற்பாள்.

"முட்டை நல்லா இருக்குதா அம்மிணி?" என்பாள்.

நாச்சக்காள் தலையசைப்பாள். அந்தக் குளம்புகளைப் பார்த்தாலே தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிழக்கே பெரிய பள்ளம் இருந்ததால், எதற்காவது மிரண்டால் கூட்டம் மொத்தமும் மேற்கே, அவள் இருந்த கூழாங்கல் மேட்டின் வழியாகத்தான் ஓடும். கொஞ்சம் தள்ளி ஓடுங்கள் என்று கேட்கலாம். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஆற்றங்கரை ஊரில் ராக்கியண்ணன் என்ற வேட்டைக்காரன் இருந்தான். மறைவே இல்லாத அந்த வெளியில் மானுக்குப் பக்கத்தில் போக யாராலும் முடிந்ததில்லை. காலையில் வில்லைத் தூக்கிக்கொண்டு போவான், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவான். அந்த வில்லை ஒடித்து அடுப்பில் வைத்தால் ஒரு வேளைக் கஞ்சியாவது கொதிக்கும் என்று அவன் பெண்டாட்டி சொல்ல ஆரம்பித்திருந்தாள். குழந்தைகள் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை. பசி அப்படி.

அவன் யோசித்தான். மான்கள் மனிதனைக் கண்டால் ஓடுகின்றன, மாட்டைக் கண்டால் ஓடுவதில்லை.

மறுநாள் வெயில் ஏறும் நேரம். நாச்சக்காளின் முட்டைகளில் விரிசல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து கீச்சுக் குரல் கேட்டது. இன்றைக்குப் பொரித்துவிடும். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது மேற்கிலிருந்து வெளிர்சாம்பல் நிற மயிலைக்காளை ஒன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு மெதுவாக வந்தது. தூரத்தில் மேய்ந்த மான்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன.

நாச்சக்காள் காலைப் பார்த்தாள். முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு. நடுவே இன்னும் இரண்டு. அந்த இரண்டிலும் விரல்கள் இருந்தன.

வாயைப் பார்த்தாள். காளைக்கு வாய்க்கூடை மாட்டியிருந்தது. சும்மா விட்டால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடும் அல்லவா? தலை புல்லுக்குப் போய்ப் போய் வந்ததே தவிர, புல் அறுபடும் சத்தமே இல்லை. பக்கத்தில் வந்தபோது காளை அவளை ஒருமுறை பார்த்தது. பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டது.

காளையின் வயிற்றுக்குக் கீழே ஒரு முகம் குனிந்தது. ராக்கியண்ணன் அவளைப் பார்த்துவிட்டான்.

"கத்தீராதே அம்மிணி. நீ கத்துனா அத்தனையும் இந்தப் பக்கந்தான் ஓடியாரும். உன்ற முட்டை கதி என்னாகும்னு பாத்துக்க," என்றான்.

அவன் மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னான். ஆனால் அவன் சொல்வதற்கு முன்பே நாச்சக்காள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காளை அவளைக் கடந்து, நேராகப் போகாமல் பெரிய வட்டமாகச் சுற்றிப் பள்ளத்தின் ஓரத்துக்குப் போனது. அவ்வளவு தூரம் அது போய்ச் சேரும் வரைக்கும் சொல்வதற்கு நேரம் இருந்தது. நாச்சக்காள் முட்டைகளை எண்ணினாள். நான்கு. மறுபடி எண்ணினாள்.

பாவாத்தாளுக்கு மட்டும் என்னவோ சரியாகப் படவில்லை. மேய்வதை நிறுத்திவிட்டுக் காதை விறைத்தாள். மாட்டுக்குப் பயப்படுகிறவள் நாளைக்குப் புல்லுக்கும் பயப்படுவாள் என்று முறுக்கன் கிண்டல் செய்தான். அவள் அவனைச் சட்டை செய்யவில்லை. நாச்சக்காள் இருந்த பக்கம் நாலடி நடந்து வந்து குரல் கொடுத்தாள்.

"நாச்சக்கா, உனக்குப் பக்கத்துலதானே வந்துச்சு? அது மாடுதானே?"

காற்று அசையவில்லை. மானின் விறைத்த காதுக்கு அந்த மெல்லிய குரலும் எட்டும்.

"மாடுதான்," என்றாள் நாச்சக்காள்.

அது பொய்யில்லை. அங்கே நின்றது மாடுதான். பிற்காலத்தில் அவள் எத்தனையோ முறை இதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பாவாத்தாள் தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்தாள். அந்த வாய்ப் புல்லை அவள் மென்று முடிக்கவில்லை. அம்பு விலாவில் இறங்கியது.

கூட்டம் மேற்கே பாய்ந்தது. நாச்சக்காள் இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக் கண்ணை இறுக்கிக்கொண்டாள். தரை அதிர்ந்தது. இதோ, இதோ என்று காத்திருந்தாள். மிதி விழவில்லை. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே ஒரு வயிறு பறந்தது. அடுத்து இன்னொன்று. ஒவ்வொரு மானும் அவளுக்கு நாலடி முன்னால் ஒரே இடத்தில் கால் ஊன்றி, எகிறி, அவளைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்து ஓடியது. கடைசியாகப் பாவாத்தாளின் குட்டி வந்தது. அதற்குச் சரியாகக் குதிக்கக்கூடத் தெரியவில்லை. ஆனாலும் அதே இடத்தில் நின்று, எகிறி, தாண்டி, முகம் குப்புற விழுந்து எழுந்து ஓடியது.

ஒரு கூழாங்கல்கூட நகரவில்லை. அவளுக்கடியில் முதல் முட்டை உடைந்து ஈரமாக ஒரு தலை வெளியே வந்தது.

ராக்கியண்ணன் மானைக் காளையின் முதுகில் போட்டுக்கொண்டு திரும்பினான். அவன் நல்லவன்தான். வேட்டையில் ஒத்தாசை செய்தவருக்குப் பங்கு வைக்காமல் போவது அவன் ஊரில் வழக்கமில்லை. அவளெதிரே காளையை நிறுத்தினான்.

"உன்னாலதான் இன்னிக்கு என்ற புள்ளைக சாப்புடப் போகுது. இது உன்ற பங்கு," என்று இலையில் ஒரு துண்டு ஈரலை வைத்துவிட்டுப் போனான்.

நாச்சக்காள் அதைத் தொடவில்லை. எடுத்தெறிய அவளுக்குப் பலமும் இல்லை. எறும்புகள் வந்தன.

பொழுது சாயும்போது மான்கள் பாவாத்தாளைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தன. தூரத்தில் அவற்றின் கால்களைக் கண்டதும் நாச்சக்காளுக்கு வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் துண்டை அலகால் இழுத்துத் தன் நெஞ்சுக்குக் கீழே போட்டு, அதன் மேல் அமுங்கி உட்கார்ந்துகொண்டாள். ஒரு பக்கம் குஞ்சுகள், ஒரு பக்கம் அது.

முறுக்கன் கொம்பைத் தாழ்த்தி நின்றான். காலையில் கிண்டல் செய்த குரல் இப்போது தணிந்திருந்தது.

"மாட்டுக்குப் பின்னால ஆள் நின்னது கிட்ட இருந்த உனக்கே தெரியலை. எங்களுக்கு எங்கே தெரியப்போகுது? மனசைப் போட்டு அலட்டிக்காதே அம்மிணி," என்றான்.

குட்டி மட்டும் எட்டிப் பார்த்தது.

"குஞ்சுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே? இந்த மேட்டுக்கு வந்தா குதிச்சுத்தான் தாண்டோணும்னு அம்மா தினமும் பள்ளத்துக்கிட்ட வெச்சுப் பழக்கிவிட்டா. எனக்குத்தான் இன்னும் சரியா வரலை."

ஆறு கால் என்ற சொல் நாச்சக்காளின் தொண்டை வரைக்கும் வந்தது. எழுந்து நின்று சொல்ல வேண்டும். எழுந்தால் நெஞ்சுக்குக் கீழே இருப்பது தெரியும். அவள் எழவில்லை. மான்கள் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயின.

அவை போன பிறகு குட்டைக்குப் போய்க் கழுவினாள். ஈரலின் ரத்தம் கழுத்திலும் நெஞ்சிலும் காய்ந்து கறுத்திருந்தது. மணலில் தேய்த்தாள், மறுபடி தண்ணீரில் நனைத்தாள். வயிறு வெளுத்தது, நெஞ்சு வெளுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, தொலைந்துபோன கன்றைத் தேடி ஒரு கிழவன் அந்த வெளிக்கு வந்தான். கையில் ஒரு குச்சிகூட இல்லை. அவனுடைய கால்களைக் கண்டதும் நாச்சக்காளின் வாய் தானாகத் திறந்தது. யாரும் கேட்டிராத ஒரு குரல், காதைப் பிளக்கிற குரல், கிளம்பியது. டிட்டிட்டீ, டிட்டிட்டீ என்று கத்தினாள். மான்கள் பறந்தன. கிழவன் திடுக்கிட்டுத் தன் தேடலைச் சொல்லி அவளை அமைதிப்படுத்தப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. அவன் போன இடமெல்லாம் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினாள். அவள் கத்துவதை வைத்தே குஞ்சுகள் இருக்கும் இடத்தை யாரும் கண்டுபிடித்துவிடலாம். அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறொரு சொல்லும் பேசவில்லை. சுள்ளி பொறுக்க வந்தவளைக் கண்டும் கத்துகிறாளே, அன்றைக்குப் பிடித்த பயம் இவளுக்கு இன்னும் தெளியவில்லை, பாவம் என்று மான்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. அது பயமில்லை என்று அவளும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் அவளுக்கு ஆட்காட்டிக் குருவி என்று பேர் வந்தது. அன்று முதல்தான் அவள் வம்சத்துக்கே நெஞ்சு கறுப்பு. இன்றைக்கு அந்த வெளியெல்லாம் வேலி போட்ட மேய்ச்சல் காடாகிவிட்டது. மான்களைப் பார்ப்பதே அரிது. ஆனாலும் மாடு மட்டும் மேய்ந்துகொண்டு வந்தால் ஆட்காட்டி பேசாமல் தரையில் நின்று அதன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் இன்னும் இரண்டு கால்கள் தெரிந்துவிட்டால், எச்சரிக்க ஒரு மான்கூட இல்லாத அந்தக் காட்டில், எழும்பிப் பறந்து கத்த ஆரம்பித்துவிடும்.