மைனஸ் நாலு ஒன்பது

குரு என்றால் வெள்ளைத் தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் ஏமாற்றம்தான். இதில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் ஹெலன் பாக்கியவதி. சீடருக்கு ஐம்பது நெருங்குகிறது, தலையில் முக்கால்வாசி நரை. பெயர் ஏகாம்பரம். ஆசிரமம் எதுவும் கிடையாது. கோயம்புத்தூரைத் தாண்டி, ஏசி உறுமிக்கொண்டே இருக்கிற ஒரு மூன்றாவது மாடிதான்.

மலைமேலும் கடலோரமும் நட்டு வைத்திருக்கும் கருவிகளிலிருந்து வெயில், காற்று, மழை, தூசு எல்லாம் எண்களாக அங்கே வந்து விழும். அவற்றைச் சரிபார்த்து, ஒழுங்குபடுத்தி, ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுப்பது அந்தக் குழுவின் வேலை. ஏகாம்பரம் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்பது அந்த மாதம்தான் முடிவாகும்.

அன்று காலை ஹெலன் எல்லோரிடமும் சொன்னார்.

"நம்ம வெப்சைட்ல குழுவைப் பத்தி ஒரு பக்கம் போடணும். இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன தொழில் பண்ணீங்கன்னு ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்புங்க."

முபீனா தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சாக இருந்தவள். டீ ஆறுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டாள். தணிகைவேல் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அவர் போட்டோவோடு அனுப்பினார்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் ஒரு வரிகூட ஓடவில்லை.

எப்படி ஓடும்? மனிதர் கும்பகோணத்தில் ஜோசியராக இருந்தவர். ஜாதகம் கணிக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதப் போய், புரோகிராம் எழுதுவதில் ருசி கண்டு, படித்து, பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தவர். வானிலை ஆராய்ச்சி செய்கிற இடத்தில் கிளி ஜோசியம் ஒன்றுதான் பாக்கி என்று சிரித்தே துரத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். விண்ணப்பத்தில்கூட 'சுயதொழில்' என்று எழுதித் தப்பித்தவர்.

யோசித்து யோசித்து எழுதினார். 'கணினிக் கணக்கீட்டுத் துறையில் நீண்ட அனுபவம்.' படித்துப் பார்த்தார். யாரோ பெரிய மனிதரைப் பற்றிச் சொன்னது போலிருந்தது. அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் ஹெலன் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

திரையில் அவர் எழுதிய வரி இல்லை. மஞ்சக்குன்று என்ற மலை உச்சிக் கருவியின் வெப்பநிலைக் கோடு இருந்தது.

"என்ன தெரியுது சார்?"

"ராத்திரி இறங்குது, பகல்ல ஏறுது. சரியாத்தான் இருக்கு மேடம்."

"ரொம்பச் சரியா இருக்கு. இப்பதான் அங்க இருக்கிற வாட்ச்மேன் போன் பண்ணார். முந்தாநாளே இடி விழுந்துடுச்சாம். கருவி கரிக்கட்டையாக் கிடக்குதாம்."

முந்தாநாளிலிருந்து மஞ்சக்குன்று வரிசை காலியாகத்தான் கிடந்தது. பக்கத்து மலைகளின் எண்களைப் பார்த்து, அதற்கு முந்தைய நாட்களையும் பார்த்து, பொருத்தமாக எண்களைப் போட்டு நிரப்பியவர் ஏகாம்பரம்தான். நிரப்பினேன் என்று ஒரு குறிப்புகூட வைக்கவில்லை.

"அளவு வராத இடத்துல நாம என்ன போடணும் சார்?"

"மைனஸ் ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது."

"ஏன் போடல?"

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு மேடம். நல்ல எண்களுக்கு நடுவுல வரிசையா அதுவே நின்னா, நம்ம வேலை ஓட்டையாத் தெரியுமேன்னு..."

"அவ்வளவு அசிங்கமான எண்ணை ஏன் வெச்சாங்க தெரியுமா?"

"தெரியல."

"யாரும் தப்பித் தவறிக்கூட நிஜம்னு நம்பிடக் கூடாதுன்னு. எங்கேயும் அவ்வளவு குளிராது."

ஏகாம்பரம் திரையில் தேதியைத் தேடினார்.

"இந்த எண்கள் வெளியே போயிடுச்சா மேடம்?"

"இல்ல. நாளைக்குத்தான் போகுது."

அப்பாடா! பக்கத்திலிருந்த நாற்காலியைக் கேட்காமலே இழுத்து உட்கார்ந்துவிட்டார். மஞ்சக்குன்றின் பொய்யை நம்பி யாரோ எங்கேயோ ஒரு கட்டுரை எழுதுவதற்குள் தப்பித்தோமே என்றிருந்தது.

"தப்பு தப்புதான்," என்றார் ஹெலன். "ஆனா நிரப்பின நேர்த்தி இருக்கே, அந்தப் போன் வரலேன்னா நானே ஏமாந்திருப்பேன். எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

ஏகாம்பரம் இதற்கும் ஒரு நல்ல வாக்கியம் தேடினார். அகப்படவில்லை.

"ஜோசியத்துல மேடம்."

"எதுல?"

"ஜோசியம். பன்னெண்டு வருஷம் பார்த்தேன். பாதிப் பேருக்குப் பொறந்த நேரமே தெரியாது. பால்காரர் வந்துட்டுப் போனப்புறம், கோயில் மணி அடிக்கிறதுக்கு முன்னாடிம்பாங்க. எப்பக் கல்யாணம் ஆச்சு, அப்பா எப்பத் தவறினார்னு கேட்டுக் கேட்டு, பின்னாடியே போயி ஒரு நேரத்தைப் பிடிச்சுப் போட்டுடுவோம். கட்டத்தைக் காலியா விட்டு ஒருத்தருக்கும் ஜாதகம் கொடுத்ததில்ல. கை அப்படியே பழகிடுச்சு."

சொல்லி முடித்துவிட்டு, வரப்போகிற சிரிப்புக்குக் காத்திருந்தார். ஹெலன் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"நிரப்பினதை நீங்களே எடுங்க சார்."

ஒவ்வொரு எண்ணாக எடுத்தார். எடுத்த இடத்தில் எல்லாம் அந்த நாலு ஒன்பதை வைத்தார். வழவழப்பாக ஓடிய கோடு நடுவில் அறுந்து, பல் விழுந்த வாய் மாதிரி ஆனது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் முந்தாநாளிலிருந்து நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒரு நெருக்கலும் அதோடு போய்விட்டது.

"என் வேலை போயிடுமா மேடம்?"

"ஏற்கெனவே ஒரு கருவி கரிஞ்சு கிடக்கு. நீங்களும் போயிட்டா யார் பார்க்கிறது? இன்னொரு தடவை குறிப்பு வெக்காம நிரப்பினீங்கன்னா மட்டும் சும்மா விடமாட்டேன்."

"இனிமே சத்தியமாப் பண்ண மாட்டேன்."

"சரி, இதையும் ஒரு பார்வை பார்த்துடுவோம்."

ஹெலன் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். சத்தமாகவே படித்தார். "கணினிக் கணக்கீட்டுத் துறையில் நீண்ட அனுபவம்."

ஏகாம்பரத்துக்குக் காது சூடாகிவிட்டது.

"இதுவும் ரொம்ப அழகா இருக்கு சார்."

"ஜோசியர்னு போட்டா சிரிப்பாங்களே மேடம்."

"சிரிப்பாங்கதான். நானே அடக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அடக்கியது அதற்கு மேல் நிற்கவில்லை. ஹெலன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தணிகைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கார். நாளைக்கே ஜாதகத்தைத் தூக்கிட்டு உங்க மேஜைக்கு வந்து நிப்பார், பார்த்துக்குங்க."

எந்தச் சிரிப்புக்கு ஒரு வருஷமாகப் பயந்தாரோ அது இவ்வளவுதானா என்றிருந்தது ஏகாம்பரத்துக்கு. அவருக்கும் சிரிப்பு வந்தது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்த பிறகும் அந்த வரி திரையில் அப்படியே நின்றது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது வரை தெரிந்தது. எடுத்துவிட்டு என்ன வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

"அப்ப இங்க என்ன மேடம் போடறது? இங்கயும் மைனஸ் ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பதா?"

"அது கருவி இல்லாத நேரத்துக்குப் போடறது சார். அந்தப் பன்னெண்டு வருஷமும் நீங்க இருந்தீங்கல்ல?"